ஆடுகளத்தில் ஒரு கணம்



புகைப்படத்தைப் பற்றி வானொலியில் பேசுவது சற்று வேடிக்கையான முயற்சிதான். காட்டவேண்டியதைக் காட்ட வழியில்லாத இடத்தில் அமர்ந்துகொண்டு காட்சியைப் பற்றிப் பேசப் புகுந்திருக்கிறேன். ஆயினும் இதில் ஒரு நன்மையும் உண்டு. படம் கண்ணெதிரே இருந்தால், 'நன்றாயிருக்கிறது' என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டிவிடுவோம். அது எதிரே இல்லாதபோதுதான், அதில் என்ன இருந்தது, அது ஏன் இத்தனை நாள் நினைவில் தங்கியது என்று எண்ணிப் பார்க்கத் தொடங்குகிறோம்.

செய்தித்தாளின் விளையாட்டுப் பக்கத்தை நாள்தோறும் பார்க்கிறீர்கள். பந்தை உதைப்பவர், மட்டையை ஓங்குபவர், தடையைத் தாண்டுபவர் என்று எத்தனையோ படங்கள் வருகின்றன. அவற்றுள் பெரும்பாலானவை மறுநாள் பொட்டலம் மடிக்கப் போய்விடுகின்றன. ஆனால் எப்போதோ ஒரு படம் ஐம்பது அறுபது ஆண்டு கடந்தும் பேசப்படுகிறது. ஆட்டத்தை நேரில் கண்டவர்கள் மறைந்த பின்னும், அந்த ஆட்டம் என்றாலே அந்தப் படம்தான் என்னும் நிலை ஏற்பட்டுவிடுகிறது. அந்தப் படத்தில் இருப்பதும் மற்றவற்றில் இல்லாததும் யாது? இதுவே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள்.

இக்கேள்விக்குப் பலர் உடனே சொல்லும் விடை, வேகம் என்பதாகும். கண்ணுக்குப் பிடிபடாத வேகத்தை நிறுத்திக் காட்டுவதே விளையாட்டுப் படத்தின் பெருமை என்பர். இவ்விடையில் உண்மை இல்லாமல் இல்லை. ஆகையால் முதலில் அதையே பார்ப்போம்.

குதிரை நாற்கால் பாய்ச்சலில் ஓடும்போது நான்கு கால்களும் ஒரே சமயத்தில் நிலத்தை விட்டு எழுகின்றனவா என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெரிய வழக்காக இருந்தது. முன்னங்கால்கள் முன்னே நீள, பின்னங்கால்கள் பின்னே நீள, குதிரை காற்றில் மிதப்பதுபோல ஓவியர்கள் வரைந்துவந்தனர். பிரெஞ்சு ஓவியர் ழெரிக்கோ 1821-இல் தீட்டிய எப்சம் பந்தய ஓவியத்தில் குதிரைகள் அவ்வாறே பறக்கின்றன. கலிபோர்னியாவின் முன்னாள் ஆளுநரும், குதிரைகளிடத்தில் பெரும் பித்துக் கொண்டவருமான லேலண்ட் ஸ்டான்போர்டு இதனைத் தீர்த்துவைக்கும் பணியை மைபிரிட்ஜ் என்ற புகைப்படக்காரரிடம் ஒப்படைத்தார். 1878 ஜூன் மாதத்தில், பாலோ ஆல்டோ என்னும் இடத்தில், ஓடுபாதையின் ஓரத்தே 12 காமிராக்களை வரிசையாக நிறுத்தி, பாதையின் குறுக்கே நூல்களைக் கட்டினார் மைபிரிட்ஜ். பாய்ந்துவந்த குதிரை நூல்களில் ஒன்றன்பின் ஒன்றாகப் பட, காமிராக்களும் ஒன்றன்பின் ஒன்றாக இயங்கின. நான்கு கால்களும் நிலத்தை விடுவது உண்மையே என்று தெரிந்தது. ஆனால் ஓவியர் வரைந்த நிலையில் விடவில்லை. நான்கும் வயிற்றின் அடியில் மடங்கிச் சேரும் நேரத்தில்தான் குதிரை காற்றில் இருக்கிறது. நூற்றாண்டுக் கணக்கில் மனிதன் கண்ணால் கண்டதாக நம்பிய காட்சி பொய்யாயிற்று.

பின்னர் 1930-களில் அமெரிக்க எஞ்சினியர் எட்ஜர்டன், மிகமிகக் குறுகிய நேரமே வெட்டி மறையும் மின்னொளியைக் கொண்டு இதே வேலையை இன்னும் நுட்பமாகச் செய்தார். 1934-இல் அவர் எடுத்த ஒரு படத்தில், கால்பந்தை உதைப்பவரின் பூட்ஸ் பந்துக்குள் ஆழமாகப் புதைந்திருக்கிறது. தோலால் ஆன பந்து பிசைந்த மாவுபோல் அமுங்கியிருப்பதைக் கண்டு உலகம் வியந்தது.

இவை அறிவியலுக்குக் கிடைத்த செல்வங்கள். ஆயினும் மைபிரிட்ஜின் குதிரைப் படத்தைப் பார்த்து எவரும் மூச்சைப் பிடித்துக்கொள்வதில்லை. அங்கே பந்தயம் இல்லை. முந்துவோரும் பிந்துவோரும் இல்லை. குதிரை தோற்குமோ என்ற கவலை இல்லை. வேகத்தை நிறுத்துவது ஒரு தொழில். விளையாட்டைக் காட்டுவது இன்னொரு தொழில். முன்னதைக் கற்காமல் பின்னதைச் செய்வது அரிது என்பதால், கணக்கு வழக்கையும் சற்றுப் பார்த்துவிடுவோம்.

நூறு மீட்டர் ஓட்டக்காரர் விநாடிக்கு ஏறத்தாழ 10 மீட்டர் செல்கிறார். காமிராவின் ஷட்டர் விநாடியில் நூற்றில் ஒரு பங்கு நேரம் திறந்திருந்தால், அதற்குள் அவர் 10 சென்டிமீட்டர் நகர்ந்துவிடுவார். படத்தில் முகம் தீற்றலாகும். ஆயிரத்தில் ஒரு பங்கு திறந்திருந்தால் 1 சென்டிமீட்டரே நகர்வார். முகம் தெளிவாக விழும். அவர் குறுக்கே ஓடாமல் காமிராவை நோக்கி நேரே ஓடிவந்தால், படத்தில் தெரியும் நகர்ச்சி இன்னும் மிகக் குறையும். விலை மலிந்த காமிராவை வைத்திருக்கும் மாணவன் இந்தக் கடைசிச் செய்தியை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும். பள்ளி விளையாட்டு விழாவில் பாதையின் பக்கவாட்டில் நிற்பதை விட்டு, முடிவுக் கோட்டுக்கு அப்பால் எதிரே போய் அமர்வான்.

வேகத்தை முழுவதும் நிறுத்திவிட்டால் படம் சில சமயம் செத்தும் போகும். சக்கரத்தின் ஒவ்வொரு கம்பியும் எண்ணிப்பார்க்கத் தெளிவாய் விழுந்த சைக்கிள் பந்தயப் படத்தில், சைக்கிள் ஸ்டாண்டு போட்டு நிற்பதுபோலவே தோன்றும். இதற்கு மாறான ஒரு படம் உண்டு. பிரான்சு நாட்டு இளைஞர் ழாக் ஆன்றி லார்த்திக் ஒரு கார்ப் பந்தயத்தில் எடுத்தது அது. ஆண்டு 1912 என்று நெடுங்காலம் சொல்லப்பட்டது. 1913 என்று திருத்துவோரும் உளர். அன்றைய காமிராவில் ஷட்டர் என்பது ஒரு மெல்லிய பிளவு. அது தகட்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நகர்வதற்குள் கார் ஓடிவிட்டது. ஆகவே சக்கரம் வட்டமாக விழாமல், முட்டை வடிவில் முன்னோக்கிச் சாய்ந்து விழுந்தது. அவர் காரைத் தொடர்ந்து காமிராவையும் திருப்பியதால், ஓரத்தில் நின்ற மக்களும் கம்பங்களும் எதிர்ப்பக்கம் சாய்ந்துவிட்டனர். காரின் முன்பாகமோ சட்டத்துக்கு வெளியே போய்விட்டது. கணக்குப்படி பார்த்தால் இது பிழைகளின் தொகுதி. ஆனால் வேகம் என்பதை இதைக் காட்டிலும் நன்றாகக் காட்டிய படங்கள் மிகச் சிலவே.

இனி, கருவியின் உதவி அதிகம் இல்லாமலே வேகம் தானாக நிற்கும் ஓர் இடத்தைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன். பௌதிகம் படிக்கும் மாணவர்கள் தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளலாம்.

மேலே எறிந்த கல் உச்சியை அடைந்தவுடன் ஒரு கணம் நின்றுதான் கீழே திரும்புகிறது. குதிக்கும் மனிதனும் அப்படியே. ஒருவன் நின்ற இடத்திலிருந்து 50 சென்டிமீட்டர் உயரம் எழும்புவதாகக் கொள்வோம். அவன் காற்றில் இருக்கும் மொத்த நேரம் ஏறத்தாழ 0.64 விநாடி. இந்நேரத்தை அவன் எவ்வாறு செலவிடுகிறான் என்று பாருங்கள். எழும்பிய உயரத்தின் மேல் கால்பங்கில், அதாவது உச்சியை ஒட்டிய பன்னிரண்டரை சென்டிமீட்டருக்குள் மட்டும், மொத்த நேரத்தில் சரிபாதி கழிகிறது. கீழுள்ள முக்கால் பங்கை ஏறும்போது பாதியும் இறங்கும்போது பாதியுமாகப் பிரித்து, எஞ்சிய 0.32 விநாடியில் ஓடிக் கடந்துவிடுகிறான். வாலிபால் ஆட்டக்காரரும் கூடைப்பந்து ஆட்டக்காரரும் காற்றில் தொங்குவதுபோல் நமக்குத் தோன்றுவதன் காரணம் இதுவே. அது கண்மயக்கமன்று, உச்சியில் அவர்கள் உண்மையிலேயே அதிக நேரம் தங்குகிறார்கள்.

பழைய புகைப்படக்காரர்கள் இந்தச் சூத்திரத்தை ஏட்டில் படிக்காமலே கையால் அறிந்திருந்தனர். அவர்களுடைய தகடுகள் மந்தமானவை, ஷட்டர்களும் மெதுவானவை. ஆகவே தாண்டுபவன் உச்சியை அடையும் கணத்துக்காகக் காத்திருந்தனர். மட்டை ஓங்கி முடிந்து, இறங்கத் தொடங்குமுன் தயங்கும் இடம். ஈட்டியெறிபவனின் கை பின்னே முழுவதும் நீண்டு, முன்னே பாயுமுன் நிற்கும் இடம். அங்கே உடல் வில்போல் வளைந்திருக்கும். அம்பு இன்னும் புறப்பட்டிருக்காது. பார்ப்பவன் மனம் அடுத்த செயலைத் தானே செய்து முடிக்கும். கருவியின் குறையால் தேடிப்போன அந்த இடம், கலைக்கும் உயர்ந்த இடமாக இருந்தது.

கிரிக்கெட் வரலாற்றில் புகழ்பெற்ற ஒரு படத்தை இதற்குச் சான்றாகச் சொல்லலாம். ஆஸ்திரேலிய ஆட்டக்காரர் விக்டர் டிரம்பர் பந்தை அடிக்க முன்னே பாயும் படம் அது. எடுத்தவர் பெல்டம், தாமே முதல்தர கிரிக்கெட் ஆடியவர். 1905-இல் வெளிவந்த நூலொன்றில் இப்படம் இடம்பெற்றது. டிரம்பரின் முன்னங்கால் தரையைத் தொடவில்லை. மட்டை பின்னே உயர்ந்திருக்கிறது. பந்து படத்திலேயே இல்லை. அடி விழுந்ததா, தவறியதா என்று எவருக்கும் தெரியாது. டிரம்பர் 1915-இல் தம் 37-ஆம் வயதில் இறந்துபோனார். அவர் ஆட்டத்தைக் காணாத தலைமுறைகள் இந்த ஒரு படத்தைக் கொண்டே அவரை அறிந்தன. ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். இது போட்டியில் எடுத்த படமன்று. ஆட்டமுறைகளை விளக்குவதற்காகக் காமிராவின் முன் ஆடிக்காட்டியபோது எடுத்தது. அந்நூலின் நோக்கமும் அதுவே ஆகையால் இதில் வஞ்சனை இல்லை. ஆனால் போட்டியில் எடுத்ததாகச் சொல்லி ஒருவர் உங்களிடம் காட்டினால், அங்கே வஞ்சனை புகுந்துவிட்டது என்று அறிக.

அப்படியானால் உண்மைப் போட்டியின் நடுவே, ஒத்திகை இல்லாமல், அந்தக் கணத்தைப் பிடிப்பது எப்படி? கண்டவுடன் அழுத்திவிடலாம் என்றுதான் எல்லோரும் தொடங்குகிறோம். கண் கண்டதை மனம் உணர்ந்து விரல் அழுத்துவதற்கு ஏறத்தாழ ஐந்தில் ஒரு விநாடி செல்லும். மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து அதற்குள் ஏறத்தாழ 8 மீட்டர் பறந்துவிடும். அது பந்தடிதளத்தின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். ஆகையால் கண்டபின் அழுத்தியவனுக்குக் கிடைப்பது முடிந்துபோன ஆட்டமே. கண்ணாடி மேலெழும்பும் பழைய ரிஃப்ளெக்ஸ் காமிராக்களில் இன்னொரு விந்தை உண்டு. படம் விழும் கணத்தில் கண்ணாடி எழும்பிக் கண்ணை மறைத்துவிடும். எனவே, 'அந்தக் கணத்தைக் கண்ணாரக் கண்டேன்' என்று மகிழும் புகைப்படக்காரன், அதைத் தவறவிட்டான் என்பதே பொருள்.

இன்றைய காமிராக்கள் விநாடிக்கு 30 படம் எடுக்கின்றன, அதற்கு மேலும் எடுப்பவை உண்டு, இனிக் கவலை என்ன என்று நீங்கள் கேட்கலாம். விநாடிக்கு 30 படம் என்றாலும், நான் சொன்ன அந்தப் பந்து ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே ஒரு மீட்டருக்கு மேல் ஓடிவிடும். மட்டையில் பந்து படும் நேரமோ ஆயிரத்தில் ஒரு விநாடி அளவே. இயந்திரத்தின் இரு கண்சிமிட்டல்களுக்கிடையே ஆட்டத்தின் உயிர் நழுவிப்போக இன்னும் இடமிருக்கிறது. அதைவிடப் பெரிய தொல்லை, ஆயிரம் படங்களை எடுத்தவன் அவற்றுள் எது படம் என்று அறியாமல் திகைப்பது.

எது வரப்போகிறது என்பதை முன்னரே அறிந்து காத்திருப்பது ஒன்றே வழி. அதற்கு ஆட்டம் தெரியவேண்டும். 1960 டிசம்பர் 14-ஆம் நாள் பிரிஸ்பேன் நகரில், ஆஸ்திரேலியாவும் மேற்கிந்தியத் தீவுகளும் ஆடிய டெஸ்ட் ஆட்டத்தின் கடைசி ஓவர் நடந்துகொண்டிருந்தது. அன்று ஆஸ்திரேலியாவில் ஓவருக்கு எட்டுப் பந்துகள். வெஸ் ஹால் வீசுகிறார். ஓவர் தொடங்கும்போது ஆஸ்திரேலியா வெல்ல 6 ஓட்டங்கள் வேண்டும்; மூன்று விக்கெட்டுகள் இருந்தன. ஒவ்வொரு பந்திலும் ஏதேனும் ஒன்று நேர்ந்தது. ஒருவர் ஆட்டமிழந்தார், ஒரு கேட்ச் நழுவியது, மற்றொருவர் மூன்றாவது ஓட்டத்துக்குப் பாய்ந்து வீழ்ந்தார். ஏழாவது பந்துக்கு முன்பு ஓட்டங்கள் சமம். கடைசி விக்கெட் நிற்கிறது. மைதானத்தின் ஓரத்தில் இருந்த மெல்போர்ன் பத்திரிகைப் புகைப்படக்காரர் ரான் லோவிட்டிடம் அப்போது ஒரே ஒரு தகடுதான் எஞ்சியிருந்தது என்பர். அந்த ஓவரில் ஆசை காட்டிய காட்சிகள் எத்தனை! அத்தனையையும் விட்டுவிட்டு, இறுதித் தீர்ப்புக்காக அந்த ஒன்றை வைத்துக்கொண்டு காத்திருந்தார். கிளைன் பந்தைத் தட்டிவிட்டு ஓடினார். பக்கவாட்டிலிருந்து பார்த்தால் ஒரே ஒரு கம்பாகத் தெரியும் விக்கெட்டை நோக்கி ஜோ சாலமன் பந்தை எறிந்தார்; அது நேரே பட்டது. கோட்டை எட்டாத மெக்கிஃப், குலைந்த விக்கெட், கைகளை உயர்த்தித் துள்ளும் மேற்கிந்தியர் ஆகிய எல்லாம் அந்த ஒரு தகட்டில் விழுந்தன. இரு பக்கமும் மொத்தம் 737 ஓட்டங்கள். டெஸ்ட் வரலாற்றின் முதல் சமன் ஆட்டம் அது. அந்தக் கணத்தில் களத்தில் நின்றவர்களுள் பலருக்கே முடிவு வெற்றியா, சமனா என்று தெளிவாகத் தெரியவில்லை. அதை அறிந்துகொண்டு படத்தை மறுபடி பார்த்தால், அந்தத் துள்ளலில் மகிழ்ச்சியோடு குழப்பமும் கலந்திருப்பதாகத் தோன்றும்.

இரண்டாவது சமன் நம் சென்னைச் சேப்பாக்கத்தில் நேர்ந்தது. 1986 செப்டம்பர் 22. இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் மொத்தம் 744 ஓட்டங்கள் வீதம் எடுத்திருந்தன. கடைசி ஓவரின் ஐந்தாம் பந்தில் மணிந்தர் சிங் கால்காப்பில் பந்து பட்டு ஆட்டமிழந்தார். எண்ணிப் பாருங்கள்: பிரிஸ்பேனில் எறிந்த பந்து கம்பைச் சாய்த்தது, கண்முன்னே ஒரு பொருள் சிதறியது. சேப்பாக்கத்திலோ முடிவு நடுவரின் உயர்ந்த விரலில் இருந்தது. முறையிடும் பந்து வீச்சாளரைப் பார்ப்பதா, மட்டைக்காரரின் முகத்தைப் பார்ப்பதா, விரலைப் பார்ப்பதா? மூன்றும் மூன்று திசையில். இரண்டு ஆட்டங்களும் பரபரப்பில் ஒன்றுக்கொன்று குறைந்தவை அல்ல. ஆயினும் சில ஆட்டங்கள் புகைப்படத்துக்குத் தம்மைக் கொடுக்கின்றன, சில கொடுப்பதில்லை. புகைப்படக்காரனைக் குறைசொல்லுமுன் இதையும் நினைக்கவேண்டும்.

காத்திருத்தலோடு இடமும் வேண்டும். 1968 அக்டோபர் 18-ஆம் நாள் மெக்சிகோ நகர ஒலிம்பிக் பந்தயத்தில் பாப் பீமன் 8.90 மீட்டர் நீளம் தாண்டினார். அதற்கு முந்தைய உலகச் சாதனை 8.35. அளப்பதற்கு வைத்திருந்த கருவிக்கு அவ்வளவு தூரம் எட்டவில்லை. இரும்பு நாடாவைக் கொண்டுவந்து அளந்தார்கள். அத்தாண்டலின் புகழ்பெற்ற படத்தை எடுத்தவர் டோனி டஃபி என்ற இங்கிலாந்துக் கணக்கர். விடுமுறையில் விளையாட்டுப் பார்க்க வந்தவர், பத்திரிகைக்காரரும் அல்லர். மணற்குழிக்கு எதிரே இருந்த அவர் படத்தில் பீமன் நேரே நம்மை நோக்கிப் பறந்து வருகிறார்; கால்கள் அகன்று, வாய் திறந்து, கண்கள் விரிந்து. பக்கவாட்டில் எடுத்திருந்தால் தாண்டிய தூரம் தெரிந்திருக்கும். எதிரே எடுத்ததால் தாண்டிய மனிதன் தெரிகிறான்.

பக்கமா, எதிரா என்பது இவ்வாறு வெறும் தொழில்நுட்பக் கேள்வியாக நின்றுவிடுவதில்லை. உயரமும் அப்படியே. புல்லில் படுத்துக்கொண்டு எடுத்தால் தாண்டுபவனுக்குப் பின்னே வானம் மட்டுமே இருக்கும். நின்றுகொண்டு எடுத்தால் அவன் தலையிலிருந்து ஒரு விளக்குக் கம்பம் முளைத்திருக்கும். பின்புலத்தைப் பற்றி இதற்கு மேல் சொல்லத் தேவையில்லை.

இடத்தைப் பற்றிப் பேசினால் குத்துச்சண்டைப் படம் ஒன்றைச் சொல்லாமல் முடிக்க இயலாது. 1965 மே 25. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் லூயிஸ்டன் என்னும் சிற்றூர். முகம்மது அலியும் சன்னி லிஸ்டனும் மோதினர். முதல் சுற்றிலேயே லிஸ்டன் வீழ்ந்தார். அவரை வீழ்த்திய குத்தை அரங்கில் இருந்த பலர் பார்க்கவே இல்லை; 'மாயக் குத்து' என்று பெயரிட்டுப் பல ஆண்டு வாதாடினர். மேடையோரத்தில் 22 வயது இளைஞர் நீல் லைஃபர் அமர்ந்திருந்தார். மேலே தொங்கிய மின்வெட்டு விளக்குகள் ஒருமுறை ஒளிர்ந்தால் மீண்டும் ஒளிர்வதற்குச் சில விநாடி ஆகும். ஆகவே அவருக்குக் கிடைத்தது ஒரே ஓர் அழுத்தல். மல்லாந்து கிடக்கும் லிஸ்டன்மேல் குனிந்து, வலக்கையை மார்பின் குறுக்கே மடக்கி, எழுந்திரு என்று அலி கர்ச்சிக்கும் கணத்தை அவர் எடுத்தார்.

அப்படத்தை உற்றுப் பார்த்தால், அலியின் கால்களுக்கு இடையே எதிர்ப்பக்கத்தில் ஒருவர் காமிராவும் கையுமாக இருப்பது தெரியும். அவர் அதே பத்திரிகைக்குப் படம் எடுத்துவந்த மூத்த புகைப்படக்காரர் ஹெர்ப் ஷார்ஃப்மன். அவருக்குத் தெரிந்ததெல்லாம் அலியின் முதுகு. ஆக, லைஃபருக்கு வாய்த்தது அதிர்ஷ்டந்தானா என்று கேட்கத் தோன்றும். அதிர்ஷ்டந்தான் என்று அவரே பின்னாளில் ஒப்புக்கொண்டிருக்கிறார். அது வந்து நிற்கும்போது தவறவிடாதிருப்பதே தொழில் என்பது அவர் கட்சி. எனக்கும் அதுவே சரியென்று படுகிறது. இன்னொன்றையும் கவனியுங்கள். குத்துச்சண்டையின் மிகப் புகழ்பெற்ற இந்தப் படத்தில் குத்து இல்லை. அது முடிந்துவிட்டது. லிஸ்டன் எழுவாரா, மாட்டாரா என்பதே படம். பத்திரிகை அதனை அட்டையில் போடாமல் உள்பக்கத்தில் வெளியிட்டது. அதன் பெருமை மெல்ல மெல்லத்தான் தெரிந்தது.

நான் இதுவரை சொன்ன படங்களை வரிசையாக நினைத்துப் பாருங்கள். டிரம்பரின் அடி முடியவில்லை, பிரிஸ்பேன் ஆட்டக்காரருக்கு முடிவு தெளியவில்லை, பீமன் தரையில் இறங்கவில்லை, லிஸ்டன் எழவில்லை. எல்லாவற்றிலும் ஏதோ ஒன்று முடியாமல் நிற்கிறது. நாமோ முடிவைப் புத்தகத்தில் படித்தறிந்தவர்கள். அறிந்திருந்தும், படத்தைப் பார்க்குந்தோறும் ஐயம் புதிதாக எழுகிறது. விளையாட்டைப் பார்க்க மனிதன் வெயிலில் போய் அமர்வது அந்த ஐயத்துக்காகத்தானே!

ஐயத்துக்கு இடமே கொடாத படமும் விளையாட்டில் ஒன்று உண்டு. ஓட்டப் பந்தயத்தின் முடிவுக் கோட்டில் வைக்கும் காமிரா அது. அதன் கண் ஒரு மெல்லிய பிளவு. கோட்டைத் தவிர வேறெதையும் பார்க்காது. கோட்டைக் கடப்பவர் ஒவ்வொருவரையும் கடக்கும் வரிசையில் அடுத்தடுத்துப் பதிக்கும். ஆகவே அப்படத்தின் இடவலம் தூரத்தைக் காட்டாமல் காலத்தைக் காட்டுகிறது. 1984-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் பி. டி. உஷா 400 மீட்டர் தடை ஓட்டத்தில் ஓடிய நேரம் 55.42 விநாடி, ருமேனியாவின் கோஜோகாருவுக்கு 55.41. விநாடியில் நூற்றில் ஒரு பங்கில் வெண்கலப் பதக்கம் கைநழுவியதை அந்தக் காமிராதான் சொல்லிற்று. அதன் சொல்லுக்கு மேல்முறையீடு இல்லை. ஆனால் அத்தகைய படங்களில் கைகால்கள் திருகிச் சிதைந்திருக்கும். முகத்தில் துயரமும் தெரியாது, மகிழ்ச்சியும் தெரியாது. தீர்ப்புச் சொல்லும் படம் வேறு, நெஞ்சில் நிற்கும் படம் வேறு. இரண்டையும் ஒன்றென்று மயங்கி நான் ஒருமுறை ஒருவருக்குத் தீங்கு செய்தேன். அதைச் சொல்லி நிறுத்துகிறேன்.

நான் கல்லூரியில் படித்த காலம். இரவல் வாங்கிய ஒரு காமிராவும், 36 படம் கொண்ட ஒரு பிலிம் சுருளும் என்னிடம் இருந்தன. விடுதிகளுக்கிடையே சடுகுடு இறுதிப் போட்டி. நடுக்கோட்டின் ஓரமாகத் தரையில் படுத்துக்கொண்டேன். கடைசி நேரத்தில் பாடிப்போன ஒருவனை எதிர்ப்பக்கத்தார் மூவர் பிடித்துவிட்டனர்; ஒருவன் கணுக்காலை, ஒருவன் இடுப்பை, ஒருவன் தோளை. அவன் மண்ணில் விழுந்து கையை நடுக்கோட்டை நோக்கி நீட்டினான். நான் அழுத்தினேன். நடுவர் அவன் ஆட்டமிழந்ததாக ஊதினார். அந்த விடுதி தோற்றது.

இரண்டு நாள் கழித்துப் படம் கழுவி வந்தது. என் வாழ்நாளில் நான் எடுத்த நல்ல படம் அது ஒன்றுதான் என்று இன்றும் சொல்வேன். பறக்கும் புழுதி, புடைத்த நரம்பு, நீண்ட விரல்கள். விரல் நுனி சரியாகக் கோட்டின்மேல் இருந்தது. படத்தை அறிவிப்புப் பலகையில் மாட்டினார்கள். அதன்கீழ் யாரோ நடுவரைப் பற்றி இரண்டு வரி எழுதிவைத்தார்கள். அவர் ஓய்வுபெற்ற டிரில் மாஸ்டர். ஊதியம் வாங்காமல் பல ஆண்டுகளாக எங்கள் போட்டிகளை நடத்திக்கொடுத்தவர். அடுத்த ஆண்டு அழைத்தபோது அவர் வரவில்லை.

பல மாதங்களுக்குப் பிறகு அந்தப் படத்தை இருட்டறையில் பெரிதாக்கிக்கொண்டிருந்தேன். திராவகத் தட்டில் உருவம் மெல்ல எழுந்து வரும்போது, விரல்களுக்குக் கீழே அவற்றின் நிழலைக் கண்டேன். விரல் ஓரிடத்தில் இருந்தது. நிழல் இரண்டு விரற்கடை தள்ளி இருந்தது. தரையைத் தொட்ட கையானால் விரலும் நிழலும் ஒட்டியிருக்கவேண்டும். கை கோட்டுக்கு இப்பால், காற்றில்தான் இருந்திருக்கிறது. நான் கோட்டுக்கு நேராகப் படுக்காமல் ஒரு முழம் விலகிப் படுத்திருந்ததால், காமிராவுக்கு அது கோட்டின்மேல் இருப்பதாகத் தோன்றியிருக்கிறது.

ஈரம் காய்ந்த படத்தை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். திண்ணையில் அமர்ந்திருந்தார். நிழலைச் சுட்டிக்காட்டி, "ஐயா, தவறு என்னுடையது, கை கோட்டில் படவே இல்லை" என்றேன்.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்தைச் சிறிது நேரம் பார்த்தார். "நல்ல படம், தம்பி" என்றார். பிறகு, "கை பட்டதோ படவில்லையோ, நான் அதைப் பார்க்கவே இல்லை. விழுந்த உடனே அவனுக்குப் பாட்டு அறுந்துபோயிற்று. நான் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்" என்றார்.

பாடுபவன் மூச்சு விட்டால் ஆட்டம் இழந்தான் என்பது நீங்கள் அறிந்ததே. படத்தை வாங்கி மறுபடியும் பார்த்தேன். புழுதிக்கு நடுவே அவன் வாய் அகலத் திறந்திருந்தது. பாடுகிறானா, மூச்சு வாங்குகிறானா என்று தெரியவில்லை.